எழுதிவைக்காத பெயர்கள்

கிளேபாங் கெச்சில், கிளேபாங் புசார், லிம்போங்கான், தஞ்சோங் கிளிங், செங், பாயா ரும்புட் என்று இந்தக் கடற்கரைச் சாலையிலும் அதற்கு உள்ளேயும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு,



எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கும் வீடுகளை நினைத்துத்தான் முதலில் இந்த மடலை எழுதுகிறேன். மற்ற வீடுகளுக்கும் இதில் வேலை உண்டு. ஆனால் உங்களுக்கு அவசரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலாயாத் தோட்டங்களுக்கு உதவிப் பணம் கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-ல் தடை செய்தது. அதற்கு முன் கங்காணியின் பின்னால் பெரிய ஆளாகக் கப்பல் ஏறி வந்த எவரும் இன்று நம்மோடு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், நாகப்பட்டினத்தில் ஏறினோமா சென்னையில் ஏறினோமா, ரஜுலாவா வேறு கப்பலா, முதலில் இறங்கிய தோட்டம் எது, கூட்டி வந்த கங்காணி யார் என்பதையெல்லாம் பெற்றவர்கள் வாயிலிருந்தே நேரடியாகக் கேட்டவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பிறகு இருப்பவர்களுக்கு அது கேள்விப்பட்ட கதை. அதற்கும் பிறகு வருபவர்களுக்கு அந்தக் கதையும் இருக்காது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் இதை இரண்டு வேலையாகப் பார்க்கிறார்கள். பாட்டியின் கதையைப் பதிவு செய்வது ஓய்வு நேரத்து ஆசை என்றும், உயில், ஊழியர் சேமநிதி, நிலப் பத்திரம் என்று அலைவது தலையெழுத்து என்றும் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. இவர் யார், யாருடைய பிள்ளை, யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், யார் இருக்கிறார், யார் இல்லை என்று பேத்தி ஆசையாகக் கேட்பதைத்தான் நில அலுவலக முகப்பில் இருப்பவரும் கேட்கிறார். பேத்தியிடம் “தெரியலம்மா” என்று சொல்லிவிடலாம். முகப்பில் அப்படிச் சொல்ல முடியாது.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பெயரை எழுதியவர் கிராணி. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். முனியாண்டி ஒரு தாளில் முனியாண்டியாகவும், இன்னொன்றில் முனியனாகவும், மூன்றாவதில் எழுத்துப் பிசகியும் பதிவானார். அப்பா பெயர் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அவருடைய அடையாளக் கார்டில் ஒரு மாதிரி, வீட்டு நிலப் பத்திரமான கிராணில் ஒரு மாதிரி. பெரியவர் உயிரோடு இருக்கும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லாம் நான்தான் என்று அவர் நேரில் நிற்பார். அவர் போன பிறகுதான் இந்த மூன்று பெயரும் ஒரே ஆள் என்பதைப் பிள்ளைகள் நிரூபிக்க வேண்டி வருகிறது. சத்தியப் பிரமாணம் செய்யச் சொல்வார்கள். பழைய தாள் இருக்கிறதா என்பார்கள். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதிய செக்ரோல் புத்தகம் எங்கே போயிற்றோ. ரப்பர் செம்பனையாக மாறி, தோட்டம் கை மாறி, லயம் இடிந்து, அந்த இடத்தில் தாமான் எழும்பிய கதை மலாக்காவில் யாருக்கும் புதிதல்ல. மலாயாவில் ரப்பரை முதலில் வணிகப் பயிராக நட்டதே இந்த மாநிலத்தில்தான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்டார். அத்தனை பழைய தோட்ட வாழ்க்கைக்கு நம் வீடுகளில் எஞ்சியிருப்பது நாலு புகைப்படமும் ஒரு பிஸ்கட் டின்னும்தான்.

பெயரை எழுதிவைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சயாம் ரயில்பாதையைச் சொல்வேன். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், 1942-லும் 1943-லும் ஜப்பானியர் போட்ட பாதை. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர் இறந்தார்கள். அங்கே வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் அந்தக் கைதிகளைப்போலப் பல மடங்கு. அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அந்தக் கூட்டத்தில் பெரும் பங்கு.

தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரிப் போர்க் கல்லறைக்குப் போனால் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கும். பெயர், படைப்பிரிவு, வயது, இறந்த நாள் என்று செதுக்கியிருக்கும். நம் ஆட்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. காரணம் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். போர்க்கைதி முகாம்களில் இருந்தவர்கள் இறந்தவர்களின் பெயரையும் புதைத்த இடத்தையும் ஜப்பானியருக்குத் தெரியாமல் எழுதி, மறைத்து, சில இடங்களில் குழிக்குள்ளேயே புதைத்தும் வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-ல் தேடிப் போனவர்கள் கையில் அந்தப் பட்டியல்கள் இருந்தன. அதை வைத்துத்தான் காட்டுக்குள் போய் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள். நம் ஆட்களுக்காகப் பட்டியல் எழுத யாரும் இல்லை. காலராவில் விழுந்தவரைக் கூட இருந்தவர் தூக்கிப்போட்டார். மறுவாரம் அவரும் விழுந்தார். எண்பது வருடம் கழித்து, 2023-ல், மலேசியத் தமிழர்கள் முயன்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் வைத்தார்கள். நெஞ்சை நிறைக்கும் காரியம். ஆனாலும் அது எல்லோருக்கும் சேர்த்து வைத்த ஒரே கல்.

“சயாமுக்குப் போனவரு, திரும்பல.” நம்மில் எத்தனையோ குடும்பங்களில் ஒரு மனிதருடைய வாழ்க்கை முழுவதும் இந்த மூன்று சொல்லாகச் சுருங்கிக் கிடக்கிறது. அவர் பாட்டிக்கு அண்ணனா, சித்தப்பாவா? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? கட்டியவள் இருந்தாளா, பிள்ளை இருந்ததா? அவளை யார் பார்த்துக்கொண்டார்கள்? இதற்கு அரைகுறை பதிலாவது சொல்லக்கூடிய ஒருவர் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவரிடம் கேட்டு, சயாமுக்குப் போனவருடைய பெயரைத் தமிழில் முழுதாக எழுதுங்கள். அதற்கு அரசாங்க அனுமதி ஒன்றும் வேண்டாம்.

பிரிந்து போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். 1968-ல் வந்த வேலை வாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களை வேலை பெர்மிட் கேட்கச் சொன்னது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த எத்தனையோ பேருக்குத் தோட்டத்தில் நிலை ஆட்டம் கண்டது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அறுபதாயிரம் பேர் அளவில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். தாய் இங்கே, மகன் அங்கே. அக்காள் இங்கே, தம்பி அங்கே. கொஞ்ச காலம் நீல நிறத்து ஏர்மெயில் கடுதாசி வந்தது. பிறகு அதுவும் நின்றது. அந்தக் கடுதாசியின் முதுகில் ஒரு விலாசம் இருக்கும். கிராமம், தபால் நிலையம், தாலுகா எல்லாம் இருக்கும். அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பூர்வீக ஊரைக் காட்ட வேறு எந்தத் தாளும் மிஞ்சியிருக்காது.

நம் பக்கத்து ஊர்க்காரர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் இருக்கிறார்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வாணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். உணவிலும் உடையிலும் இந்த மண் முழுதாகக் கலந்துவிட்டது. ஆனால் வருடத்தில் இரண்டு முறை, பொங்கலை ஒட்டி ஒன்றும் பழக் காலத்தில் ஒன்றும், பார்ச்சு என்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். வாழையிலை விரித்து, போனவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்து வைத்து, குடும்பம் முழுவதும் கூடிக் கும்பிடுகிறார்கள். எந்த இலை யாருக்கு, அவருக்கு என்ன பிடிக்கும் என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வளர்கிறார்கள். தமிழ் வாயிலிருந்து போன பிறகும் முன்னோர் வீட்டை விட்டுப் போகவில்லை. தமிழ் பேசும் நம் வீடுகளில் தாத்தாவின் அப்பா பெயர் தெரிந்த இளைஞர்கள் எத்தனை பேர்? திவசம் கொடுப்பவர்கள் மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆடி அமாவாசையன்று ஐயர் பெயர் கேட்கும்போது அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எப்படிக் கேட்பது என்று உங்களில் சிலர் தயங்குகிறீர்கள். கைப்பேசியை எதிரில் நீட்டி “உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க” என்றால் எந்தப் பெரியவரும் வாயடைத்துப் போவார். “என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வளந்தோம்” என்பதோடு முடிந்துவிடும். சின்னதாகக் கேளுங்கள். விடியற்காலை ஆள் எடுக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? பசியாற என்ன கொண்டுபோவீர்கள்? கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டீர்களா, முதுகில் கட்டிக்கொண்டு போனீர்களா? லயத்தில் வலது பக்கத்து வீட்டில் யார், இடது பக்கத்தில் யார்? தீமிதிக்குக் காப்புக் கட்டியது யார்? வேலை வாங்கிய தண்டல் நல்லவரா? பக்கத்து வீட்டுப் பெயர் வந்தால் அந்த வீட்டுச் சண்டை வரும். சண்டை வந்தால் கல்யாணம் வரும், சாவு வரும், வருடம் தன்னால் வந்து சேரும். “ஜப்பான்காரன் போன மறுவருசம்” என்பார். அது 1946 என்று நீங்கள் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூடுமானால் இரண்டு பெரியவர்களை ஒன்றாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். அந்த மறுப்பில்தான் சரியான தகவல் வெளியே வரும்.

சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்காதீர்கள். தோட்டத்து வாழ்க்கையில் பெண்கள் பட்டதில் வாய்விட்டுச் சொல்ல முடியாதது உண்டு. மௌனமும் அவர்களுடைய சொத்துதான்.

குரலைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். தாலாட்டோ ஒப்பாரியோ பாடத் தெரிந்த அம்மாக்கள் இன்னும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஒப்பாரியை வீட்டில் பாடக் கூடாது என்று தயங்குவார்கள்; அவர்களுக்குச் சம்மதமான இடத்துக்கு, கோயில் மண்டபத்துக்கோ தோட்டத்துப் பக்கமோ, அழைத்துப் போங்கள். ஒருவர் தன் அம்மாவுக்குப் பாடிய ஒப்பாரியில் அந்த அம்மா பிறந்த ஊரும், சீதனமாக வந்த பாத்திரமும், கூடப் பிறந்தவர்களின் வரிசையும் இருக்கும். வேறெந்த ஏட்டிலும் அது இருக்காது.

புகைப்படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். நம் கடற்கரை ஈரத்தில் பிளாஸ்டிக் உறை ஆல்பம் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். வலிந்து பிய்க்காமல், உறையோடு அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதி ஒன்று ஜொகூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் உடன்பிறப்பிடம் இருக்கட்டும். பின்னணியில் இருப்பதையும் எழுதுங்கள். கிளேபாங்கில் மண் கொட்டிக் கடலைத் தள்ளிய பிறகு, முன்பு அலை வந்து போன இடம் எதுவென்று இளையவர்களுக்குத் தெரியாது. நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி வைத்திருக்கும் இடம் கடலாக இருந்தது என்றால் சிறுவர்கள் நம்ப மறுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய படம் ஒன்று அதற்குச் சாட்சி சொல்லும்.

இனித் தாள்களுக்கு வருகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் “நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்திப் பேசாதே” என்று வாயை அடைப்பார்கள். ஆனால் நம் பாட்டிமார்கள் சாவுக்குத் தயாராகவே இருந்தார்கள். தன் காரியத்துக்கென்று ஒரு முடிச்சுப் பணம், தனக்குப் போட வேண்டிய புடவை, யார் கொள்ளி வைக்க வேண்டும் என்ற சொல் எல்லாம் அவர்களிடம் இருந்தன. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற அந்த நினைப்பு அபசகுனமாக யாருக்கும் படவில்லை. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதும், மறுவருடம் கொரோனா மரணங்கள் அடுக்கடுக்காக விழுந்தபோதும் நாம் எப்படி நின்றோம் என்று நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம் கடைசியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வங்கி எது, கார்டு எங்கே, கைப்பேசியின் எண் பூட்டு என்ன என்று தெரியாமல் தவித்த வீடுகள் உண்டு.

ஊழியர் சேமநிதியில் வாரிசாக யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று இந்த வாரமே பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவின் பெயரைப் போட்டிருப்பீர்கள். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. சேமநிதிக்கு அது தெரியாது. முஸ்லிம் அல்லாத அங்கத்தினர் இறந்தால் பணம் பெயர் குறித்தவருக்கே போகும். அம்மா முன்பே போய்விட்டிருந்தால் அந்தப் பெயர் செல்லாது. மனைவி பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மாற்றுவது சின்ன வேலை.

உயில் எழுத வக்கீல் கட்டாயமில்லை. 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி எழுத்தில் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவர், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பார்க்க, அதன் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சியாக நிற்பவருக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ அந்த உயிலில் பங்கு எழுதினால் அந்தப் பங்கு செல்லாது. இது தெரியாமல் மகனையே சாட்சியாக நிறுத்திவிடுகிறோம். உயில் எழுதிய பிறகு கல்யாணம் செய்துகொண்டால் பழைய உயில் பொதுவாக ரத்தாகிவிடும்.

உயில் இல்லை என்றால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பங்கு பிரிக்கும். கணவன் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் அவருடைய பெற்றோரும் இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குச் சேர்த்து அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. வீடு முழுதும் அம்மாவுக்குத்தானே என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. இது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான சட்டம். குடும்பத்தில் முஸ்லிமாக மாறியவர் இருந்தால் கட்டாயம் வக்கீலைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1-க்குப் பிறகு நடந்த திருமணம் பதிவாகியிருந்தால்தான் பொதுவாகச் சட்டத்தின் கண்ணில் திருமணம். முப்பது வருடம் கூடவே வாழ்ந்து, மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவள், கணவன் இறந்த மறுநாள் சட்டப்படி யாரோ ஆகிவிடுகிறாள். பிள்ளைகளின் பத்திரங்களிலும் சிக்கல் வரும்; தாயின் குடியுரிமை சரியாக இல்லையென்றால் பிள்ளைக்கு நாடே இல்லாமல் போகலாம். 2011-ல் மைடஃப்தார் இயக்கத்தில் ஆவணமில்லாத இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் பெயர் கொடுக்க வந்தது நினைவிருக்கும். இருவரும் உயிரோடு இருக்கும்போது தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்ப் பதிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேரப்பிள்ளை இருந்தாலும் போங்கள்.

பழைய கணக்குப் புத்தகங்களையும் தேடுங்கள். துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத்து மக்கள் வெள்ளி வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். உங்கள் தாத்தா அதில் அங்கத்தினரா? அங்கத்தினர் எண் எங்கே? வங்கிக் கணக்கு ஏழு வருடம் அசையாமல் கிடந்தால் பணம் கோரப்படாத பணமாக அரசாங்கக் கணக்குக்குப் போய்விடும். வாரிசு என்று நிரூபித்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். நிரூபிக்க மறுபடியும் அதே பெயர், அதே பத்திரம்.

வீட்டில் ஒருவர் இறந்தால் முறைப்படி தெரிவித்து அடக்க அனுமதித் தாள் வாங்க வேண்டும். அதற்கு இறந்தவரின் அடையாளக் கார்டு வேண்டும். அழுதுகொண்டே அலமாரியைப் புரட்டும் நிலை உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். எரிப்பதா புதைப்பதா, மகள் கொள்ளி வைப்பதில் உங்களுக்குச் சம்மதமா, திரும்பி வர முடியாத நிலையில் உயிர்காப்பு இயந்திரத்தில் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அண்ணன் தம்பிகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று முகம் திருப்பிக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சொல் இல்லாததால்தான்.

நான் கேட்பது ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். முதல் பாதியில் ஆட்களை எழுதுங்கள். பெயர், கூப்பிடும் பெயர், தாளில் இருக்கும் எழுத்துக்கூட்டல் அத்தனையும், பிறந்த தோட்டம், கட்டியவர், பிள்ளைகள், சயாமுக்குப் போனவர், இந்தியாவுக்குத் திரும்பியவர். பின்பாதியில் கிராண் எங்கே, உயில் யாரிடம், காப்புறுதி எது, சேமநிதி, சொக்சோ, கோயிலிலோ சங்கத்திலோ கட்டும் மரணச் சகாய நிதி, சாப்பிடும் மருந்து, யாருக்குக் கடன் பட்டிருக்கிறோம், யார் நமக்குத் தர வேண்டும் என்பவை வரட்டும். ரகசிய எண்களை அதில் எழுத வேண்டாம். அவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் எழுதுங்கள்.

சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளே, செங் சன்னாசிமலைக்கு மாசி மகத்துக்கு வரும்போது இந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அம்மாவோடு உட்காருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டுங்கள். தவறாக எழுதியிருந்தால் திருத்துவார். வாசித்து முடித்ததும், நோட்டு வைத்திருக்கும் இடத்தைக் குடும்பத்தில் இரண்டு பேருக்குச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் குடியிருக்காதவராக இருக்கட்டும்.

அன்புடன்,
கிளேபாங்கிலிருந்து உங்களில் ஒருவர்